எதிரி பெயர் இல்லாத பிராது

விருத்தாசலத்தில் தூசு படியாத அறை ஒன்று இருந்தது என்றால் உள்ளூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். பீங்கான் பட்டறைகளிலிருந்து கிளம்பும் வெள்ளை மாவு அந்த ஊரில் வேப்பிலை மேலும் படியும், காயப்போட்ட வேட்டி மேலும் படியும், டீக்கடைக் கண்ணாடி அலமாரி மேலும் படியும். ஆனாலும் 2006 கடைசியிலிருந்து 2008 அக்டோபர் வரை அப்படி ஓர் அறை இருந்தது. ஜங்ஷன் போகிற சாலையில், சொர்ணாம்பாள் மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், படியேறியதும் இடது கைப் பக்கம். இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். அந்த அறையில்தான் கொளஞ்சியப்பன் நெஞ்சு நிறைய மூச்சு விடக் கற்றுக்கொண்டார்.

அதற்கு முன்பு அவருக்குப் பட்டறை மூச்சு. ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்பேட்டையில் பியூஸ் கட்டை செய்கிற பட்டறை ஒன்றில் சேர்ந்தவர். வீடுகளில் மீட்டர் பலகையில் செருகியிருக்குமே, அந்த வெள்ளைக் கட்டை. அச்சிலிருந்து எடுத்துக் காய்ந்த கட்டையில் ஓரமெல்லாம் பிசிறு நிற்கும். அதைச் சின்னத் தகட்டால் சீவி, துளைக்குள் தங்கிய மாவை வாயால் ஊதித் தள்ள வேண்டும். ஊதியது வெளியே போகும். மறு மூச்சில் அதில் கொஞ்சம் உள்ளே வரும். கொளஞ்சியப்பனின் கை நல்ல கை. அவர் சீவிய கட்டை சூளையில் வெந்து வந்தால் விரலால் தடவிப் பார்க்க வேண்டியதே இல்லை என்பார் முதலாளி.

அந்தப் பட்டறையில் இரண்டு வகைச் சூளை உண்டு. சின்னச் சூளைகளை மூட்டுவார்கள், ஆற விடுவார்கள், மறுபடியும் மூட்டுவார்கள். சுரங்கச் சூளை அப்படியல்ல. ஒரு வாயில் பச்சைச் சரக்கு தள்ளுவண்டியில் ஏறி நுழையும். மறு வாயில் வெந்த சரக்காக வெளியே வரும். நடுவில் நெருப்பு வருடக்கணக்கில் அணையாது. அணைந்து குளிர்ந்தால் உள்கட்டு விரிசல் விட்டுவிடும். ஆயுத பூஜைக்குச் சின்னச் சூளைகளைக் கழுவி, மாவிலை கட்டி, ஓர் இரவு ஓய்வு கொடுப்பார்கள். சுரங்கச் சூளைக்கு எரிகிறபோதே ஒரு பொட்டு, வாசலில் ஒரு பூசணிக்காய், அவ்வளவுதான். இது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த முறை. கொளஞ்சியப்பனுக்கும் தெரியும்.

இருமல் பிடித்தபோது முதலில் பனி என்றார்கள். பிறகு பீடி என்றார்கள். அவர் பீடி குடிப்பதில்லை. படியேற முடியாமல் போனபோதுதான் மனைவி வேல்விழி கையைப் பிடித்து டாக்டர் ஆதிநாராயணனிடம் கூட்டிப் போனாள். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

“கொளஞ்சி, பாதிப் பட்டறையை உள்ளாற வெச்சிருக்கிறியே. உன் மொதலாளிக்குத் தெரியுமா?”

“சிரிக்காதீங்க டாக்டரய்யா.”

“நான் சிரிக்கல. இனிமே அந்த மாவுல ஒக்காந்தியானா நான் மருந்து எழுதறது வீண். வேற வேலை பாரு.”

“எனக்கு வேற இன்னா தெரியும்?”

டாக்டர் எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டார். அந்த வருடம் அவர் மகன் பிரவீன்குமார், அப்பாவின் சொர்ணாம்பாள் மருத்துவமனையை இடித்துக் கட்டி நான்கு மாடியாக உயர்த்தியிருந்தான். அறைக்கு அறை டிவி. அதுவும் ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற மாதிரி கேபிள் கம்பி இழுத்து அல்ல. மாடியில் டிஷ், டிஷ் பிடிக்கிற சிக்னலைக் கம்ப்யூட்டர் பாஷைக்கு மாற்றுகிற ஒரு மிஷின், கம்ப்யூட்டர்களை இணைக்கிற அதே நீல ஒயரில் அது கட்டிடம் முழுக்கப் போய், ஒவ்வொரு அறையிலும் கையளவு பெட்டிக்குள் நுழைந்து மறுபடி படமாக வெளியே வரும். சென்னை பெரிய ஓட்டல்களில் இப்படித்தான் என்று பிரவீன்குமார் சொன்னான். அந்த மிஷினுக்குத் தூசு ஆகாது. ஏசி அறை வேண்டும். பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

“தூசு ஆகாத மிஷினு, தூசு ஆகாத மனுசன். ரெண்டையும் ஒரே ரூம்புல போட்டுடு,” என்றார் டாக்டர் மகனிடம். அப்படித்தான் அவருக்கு வேலை கிடைத்தது.

மிஷினை நிறுவ வந்தவன் தமிழ்மணி, சென்னைக் கம்பெனி இஞ்சினியர், மீசை அரும்பிய வயசு. மடிக் கணினியை மிஷினோடு இணைத்துக்கொண்டு தரையில் சப்பணமிட்டு இரண்டு நாள் தட்டினான். எந்தச் சேனல் எந்த எண்ணில் போக வேண்டும், எந்த அறைப் பெட்டி எதைக் கேட்டால் எதைக் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் அதற்குள் எழுதுகிறான் என்று கொளஞ்சியப்பன் புரிந்துகொண்டார். கடைசியில் எல்லா அறையிலும் படம் வந்தது. தமிழ்மணி எழுந்து முதுகை முறித்தான்.

“அவ்ளோதாண்ணே. உள்ள கைய வெக்காதீங்க. தூசு தொடைங்க, ஏசி ஓடுதான்னு பாருங்க. மத்தத அதுவே பாத்துக்கும்.”

“கரண்டு போனா தம்பி?”

“அதான் பேட்டரி வெச்சிருக்கே. போவவே போவாது.”

அவன் சொன்னபடியே மிஷினுக்குக் கரண்டு போகவே இல்லை. 2008-இல் மின்வெட்டு ஊரைப் படுத்திய பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். சூளைக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். சொர்ணாம்பாள் மருத்துவமனை டிவி மட்டும் ஒருமுறைகூடக் கண் சிமிட்டவில்லை. கொளஞ்சியப்பன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவார், முனையில் பூக்கும் பச்சையைச் சுரண்டுவார், ஜெனரேட்டர் உறுமும்வரை வாசலிலேயே நிற்பார். அன்று நிறுவியதிலிருந்து அந்த மிஷின் ஒரு தடவைகூட அணைந்ததில்லை. அதை அவர் பெருமையாகச் சொல்வார். அது ஓர் எச்சரிக்கை என்று யாருக்கும் தோன்றவில்லை.

தினமும் மாடி மாடியாகச் சுற்றி வருவது அவராகவே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். முதலில் ஒரு மாடி ஏறினால் இளைக்கும். ஆறு மாதத்தில் நாலு மாடியையும் ஒரே மூச்சில் ஏறினார். இருமல் நின்றது. வேல்விழி தெருவில் எல்லோரிடமும் சொன்னாள்: “எங்க வூட்டுக்காரர பொழைக்க வெச்சது டாக்டர் இல்ல, அந்த டிவி மிஷினுதான்.”

2008 புரட்டாசியில் இரண்டாம் மாடியில் பெரியம்மாள் என்று ஒரு கிழவி படுத்திருந்தாள். கம்மாபுரம் பக்கத்துக்காரி. களத்துமேட்டில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவள். எழுந்திருக்க முடியாது, வாய்க்கு மட்டும் ஓய்வில்லை.

“ஏம்பா டிவிக்காரரே, இதுல மாமியாளும் மருமவளும் இன்னும் சண்டைதான் போடறாளுவ. நீ மேல போயி ரெண்டு பேரையும் சமாதானம் பண்ணி அனுப்பக் கூடாதா?”

“அது சென்னையில இருந்து வருதும்மா. என் கையில இல்ல.”

“உன் கையில இல்லாத வேலைக்கா உனுக்குச் சம்பளம்?”

ஆயுத பூஜை வந்தது. மருத்துவமனையில் அதைப் பெரிதாகவே செய்வார்கள். எக்ஸ்ரே மிஷின், ஸ்கேன், ஆம்புலன்ஸ், ஜெனரேட்டர், சமையலறை கிரைண்டர், எல்லாவற்றையும் துடைத்து, நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, மறுநாள் விஜயதசமி காலையில்தான் மறுபடி ஓட்டுவார்கள். தலைமை நர்ஸ் சாவித்திரி சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்கு வந்தார்.

“கொளஞ்சியண்ணே, போன வருசம் விட்டுப்போச்சு, இந்த வருசம் உங்க மிஷினுக்கும் பொட்டு வெக்கலாமா?”

“வெக்காம? இது இல்லன்னா நான் ஏது சிஸ்டர். நிறுத்தித் தொடைச்சு, சுத்தபத்தமா வெக்கணும். ஒரு ராத்திரி அதுவும் ஓய்வெடுக்கட்டும்.”

“ஐசியு மிஷினையெல்லாம் நாங்க நிறுத்தறதில்ல. ஓடறப்பவே ஒரு பொட்டு வெச்சிடுவோம்.”

“அது உயிரு சமாச்சாரம். இது டிவிதானே.”

சொன்னவர் யாரையும் கேட்காமலே நிறுத்தியிருக்கலாம். கொளஞ்சியப்பன் ஒழுங்கு தவறாதவர். வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்த பிரவீன்குமாரிடம் போய், டிவி மிஷினையும் நிறுத்தி வைக்கலாமா என்று கேட்டார். பிரவீன்குமார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, “பண்ணுங்க பண்ணுங்க, எல்லா மிஷினுக்கும் பண்ணிடுங்க,” என்று கையை ஆட்டினான். பிறகு கொளஞ்சியப்பன் அறை அறையாகப் போய், சாயந்திரம் டிவி நிற்கும், காலையில் வந்துவிடும் என்று நோயாளிகளிடம் சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

“மிஷினுக்கும் லீவு வுடு,” என்றாள் பெரியம்மாள். “எனுக்கு மட்டும் லீவே இல்ல, பொறந்ததுலேருந்து.”

பூஜை நல்ல நேரத்தில் நடந்தது. கொளஞ்சியப்பன் மிஷினை அணைத்தார். விசிறிகள் மெல்லச் சுற்றி நின்றன. இரண்டு வருடமாகக் காதில் இருந்த இரைச்சல் போய் அந்தச் சின்ன அறை திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. மெல்லிய துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். காற்றுத் துளைகளில் சந்தனம் படாமல் நெற்றிப் பக்கம் மட்டும் மூன்று விரலால் இழுத்தார். வேல்விழி வீட்டிலிருந்து கொண்டுவந்த பொரிகடலையைப் படைத்துக் கற்பூரம் காட்டினார். புகை ஆகாது என்பதால் கற்பூரத்தை வாசலில் வைத்துத்தான் காட்டினார். இதைவிடப் பதமாக அந்தப் பூஜையை யாரும் செய்திருக்க முடியாது.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து, மிஷினைத் தொட்டுக் கும்பிட்டு, ஸ்விட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. ஒன்றுகூட சிவப்பாக இல்லை. திருப்தியோடு கீழே இறங்கினார்.

எல்லா அறையிலும் டிவி நீலமாக நின்றது. நடுவில் ஒரு வரி இங்கிலீஷ் எழுத்து.

பெட்டிகளை அணைத்துப் போட்டுப் பார்த்தார். மேலே ஓடி மிஷினை அணைத்துப் போட்டார். மொட்டை மாடிக்கு ஏறி டிஷ்ஷைப் பார்த்தார்; காக்கை எதுவும் திருப்பிவிட்டிருக்கவில்லை. ஒயரைத் தடவித் தடவி வந்தார். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. திருநாள் காலை; புதுப்படம் போடுகிற நாள். இரண்டாம் மாடியிலிருந்து குரல்கள் கேட்டன. அவர் உள்ளே போனதும் பெரியம்மாள் தலையைத் திருப்பினாள்.

“இன்னாப்பா, டிவியையும் ஐசியுல சேத்துட்டியா?”

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். கொளஞ்சியப்பனும் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

தமிழ்மணியின் எண் உபயோகத்தில் இல்லை என்றது போன். கம்பெனிக்கு அடித்தார். அவன் வேலையை விட்டு வளைகுடாவில் தோகாவுக்குப் போய் எட்டு மாதமாகிவிட்டது என்றார்கள். வேறொருவர் பேசினார். பொறுமையான குரல். கொளஞ்சியப்பன் நடந்ததை முதலிலிருந்து சொன்னார். பொரிகடலையை மட்டும் விட்டுவிட்டார்.

“ஆஃப் பண்ணீங்களா?”

“ஆமாங்க. பூஜைக்கு.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “சார், அவன் எல்லாத்தையும் டைப் பண்ணியிருக்கான். கடைசில சேவ் பண்ணல. கரும்பலகையில எழுதின மாதிரிதான். கரண்டு இருந்த வரைக்கும் அதுக்கு ஞாபகம் இருந்துச்சு. போனதும் மறந்துடுச்சு.”

“மறுபடி எழுத முடியாதுங்களா? நீங்க சொல்லச் சொல்ல நான் எழுதறேன்.”

“எழுதலாம். ஆனா அந்த மிஷினைத் தெறக்கிற லைசென்ஸ் நம்பரும் சேந்து போயிடுச்சு. அது வெளிநாட்டுக் கம்பெனி. இந்த மாடலையே நிறுத்திட்டாங்க. நாங்களும் இப்ப அந்த லைன்ல இல்லீங்க.”

“அப்ப இன்னா பண்றது?”

“அதான் சொல்றேனே சார்,” என்றார் அவர், இன்னும் பொறுமையாக.

போனை வைத்துவிட்டுக் கொளஞ்சியப்பன் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அணைத்தால் ஆறி, மறுபடி மூட்டினால் எரிகிற சின்னச் சூளை என்று நினைத்துக்கொண்டேனே என்று அவர் மனசுக்குள் ஓடியது. இது சுரங்கச் சூளை. எரிகிறபோதே பொட்டு வைத்துவிட்டு விலகியிருக்க வேண்டியது. ஐசியுவுக்கு அப்படித்தான் வைப்போம் என்று சாவித்திரி வாய்விட்டுச் சொன்னாரே. காதில் வாங்கி, பதிலும் சொல்லிவிட்டுத்தான் அணைத்தார்.

அவர் பயந்தது திட்டுக்கு. பிரவீன்குமார் கத்துவான், தலையைக் குனிந்து வாங்கிக்கொள்ளலாம், கோபம் தணிந்ததும் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்திருந்தார். பிரவீன்குமார் கத்தவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

“விடுங்க. எனக்கும் அது தலைவலியாத்தான் இருந்துச்சு,” என்றான். “ஊர்க் கேபிள்காரர்கிட்ட சொல்லிட்டேன், நாளைக்கே எல்லா ரூமுக்கும் ஒயர் இழுத்துடுவாரு. இந்த ஏசி ரூமை ஸ்கேன் டாக்டருக்குக் குடுத்துடலாம். அவரும் இடம் இல்லன்னு சொல்லிட்டே இருக்காரு.”

“நானு சார்?”

பிரவீன்குமார் அப்போதுதான் அவரைப் பார்த்தான். “நீங்க மாசக் கடைசி வரைக்கும் இருங்க. யாரும் உங்களக் குத்தம் சொல்லல. நான்தானே பண்ணச் சொன்னேன்.”

கெட்ட மனசு என்று சொல்வதற்கில்லை. அவனுக்குத் தேவைப்பட்டது டிவி. அது கேபிளில் வந்துவிட்டது. கொளஞ்சியப்பனுக்குத் தேவைப்பட்டது அந்த அறை. ஒன்று வந்ததும் மற்றொன்று போய்விட்டது என்பதை அவன் கவனிக்கவில்லை.

கேபிள்காரர் ஆட்கள் சுவரில் துளை போட்டுக் கறுப்பு ஒயரை இழுத்தார்கள். அன்று சாயந்திரமே மாமியாரும் மருமகளும் சண்டைக்கு வந்துவிட்டார்கள். படம் முன்னைவிடச் சுமார்தான், கரண்டு போனால் நின்றும்விடும். யாரும் குறை சொல்லவில்லை. மூன்றாம் மாடி அறையில் மிஷினைக் கழற்றி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தார்கள். துளை போட்ட சுண்ணாம்புத் தூள் அந்தத் தரையில் முதல்முறையாகப் படிந்தது. கொளஞ்சியப்பன் துணி எடுத்துத் துடைத்தார். மறுபடி படிந்தது.

டாக்டரிடம் போய் நின்றார். டாக்டர் அவருடைய புது எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நோவு மேல ஏறல. நின்ன எடத்துலயே நிக்குது. நல்லாப் பாத்துக்கிட்டு இருக்கிற,” என்றார்.

“வேலை போவுதுய்யா.”

“தெரியும். அவன்கிட்ட பேசினேன். வாட்ச்மேனுக்கு ஏஜென்சி வெச்சிட்டான், ஜெனரேட்டருக்கும் அவங்கதான். நான் இன்னா சொன்னாலும் சரிப்பாங்கிறான், அப்புறம் அவன் பாட்டுக்கு அவன் செய்யறான்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “என் பேரு போர்டுல இருக்குது. கையெழுத்து அவனுது, கொளஞ்சி.”

கொளஞ்சியப்பன் அதற்குமேல் கேட்கவில்லை. டாக்டரின் முகத்தைப் பார்த்தால், கேட்டால் அவரும் அழுதுவிடுவார் போலிருந்தது.

வேல்விழி சும்மா இருக்கவில்லை. ஜவுளிக்கடையில் கேட்டாள், சின்ன வயசாகப் பார்க்கிறோம் என்றார்கள். அவள் அண்ணன் திட்டக்குடியில் நெல் மண்டி வைத்திருந்தான். மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்றான், அதுவும் நெல்லுத் தூசு. மாமன் மகன் ஒருவன் ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொள்ளச் சொன்னான். ஊர்ச் சாலையில் ஓட்டுகிறவன் ஒரு நாளைக்கு எவ்வளவு புழுதி குடிக்கிறான் என்பது அவனுக்கே தெரியும். பழைய பட்டறை முதலாளி மட்டும் கேள்விப்பட்ட அன்றே ஆள் அனுப்பினார். உன் கைக்கு இன்னும் மாற்றுக் கை அமையவில்லை, வந்துவிடு என்று. அவ்வளவு மரியாதையாக வேறு யாரும் அவரை அழைக்கவில்லை.

“போவ மாட்டீங்க,” என்றாள் வேல்விழி.

“போவல.”

“பொண்ணு பன்னெண்டாவது முடிக்கட்டும். அது வரைக்கும் நான் பாத்துக்கறேன்.”

“எதை வெச்சுப் பாப்ப?”

அவள் சோற்றுப் பானையைத் துழாவினாள்.

மாசக் கடைசிக்கு முன்னால் பெரியம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியில் ஏற்றும்போது கொளஞ்சியப்பனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். சாவித்திரி சொல்லி விஷயம் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“உன் பேரு இன்னா?”

“கொளஞ்சியப்பன்.”

“பேருலயே சாமிய வெச்சுக்கிட்டு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு நிக்கிறியே. மணவாளநல்லூருக்குப் போயி ஒரு பிராது கட்டுறா. எங்க ஆட்டைத் திருடினவன் பேரைப் போட்டு நான் கட்டினேன். ஆடு தானா வூட்டுக்கு வந்துச்சு. குட்டியோட வந்துச்சு.”

“குட்டியோடயா?”

“பின்ன? வட்டி குடுக்க வேணாமா?”

வேல்விழிக்கு அது பிடித்துக்கொண்டது. ஊரில் வழக்கு, திருட்டு, பாகப் பிரிவினை, புருஷன் பெண்டாட்டி பிணக்கு, எதுவானாலும் மணவாளநல்லூரில் முருகன் கொளஞ்சியப்பராக இருக்கிற கோயிலில் பிராது, அதாவது புகார் மனு, கட்டுவது உண்டு. குறையைக் காகிதத்தில் எழுதி, சாமி முன் வைத்து, சுருட்டி நூலால் வேலில் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். பிறகு சாமி பாடு. ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். கோயிலுக்கு வெளியே பிராது எழுதித் தருகிறவர் உட்கார்ந்திருந்தார். மாணிக்கவேல் என்று பெயர். எழுதத் தெரிந்தவர்கள்கூட அவரிடம் எழுதினால்தான் சாமிக்குப் புரியும் என்று நினைப்பார்கள்.

“பேரு?”

“கொளஞ்சியப்பன்.”

“சாமி பேரைக் கேக்கல. உங்க பேரு.”

“எம் பேருதாங்க அது.”

மாணிக்கவேல் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். ஊர், தகப்பனார் பெயர் எழுதினார். குறை என்ன என்று கேட்டார். டாக்டர் வேலை கொடுத்ததிலிருந்து மிஷின் நின்றதுவரை எல்லாவற்றையும் சொல்லி, வேலை போய்விட்டது, மறுபடி மாவில் உட்கார வேண்டியிருக்கிறது என்று கொளஞ்சியப்பன் முடித்ததை இரண்டு வரியில் அழகாக அடக்கினார். பிறகு பேனாவை அடுத்த வரியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“எதிரி பேரு?”

கொளஞ்சியப்பன் வேல்விழியைத் திரும்பிப் பார்த்தார்.

“வேலைய விட்டுத் தூக்கினவர் பேரைச் சொல்லுங்க.”

“அவரு தூக்கலீங்க. திட்டக்கூட இல்ல. நான்தான் பண்ணச் சொன்னேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு.”

“மிஷின மாட்டிக் குடுத்தவன்?”

“அது சின்னப் பையன். ரெண்டு நாளு தரையில ஒக்காந்து வேலை பாத்தான். ஏதோ ஒண்ண அமுக்க மறந்துட்டான். என்ன அண்ணேன்னுதான் கூப்பிட்டான்.”

“டாக்டரு?”

“ஐயோ, அவரு எனக்கு மூச்சு குடுத்தவருங்க.”

“அப்ப மிஷினு பேரைப் போடவா?” என்றார் மாணிக்கவேல். அவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பங்காளிச் சண்டைக்காரர் நின்றிருந்தார். “எதிரி இல்லாத பிராதை சாமி எப்பிடிங்க விசாரிக்கும்? யாரைக் கூப்பிட்டுக் கேக்கும்?”

“உங்க பேரையே போட்டுக்கங்க,” என்றாள் வேல்விழி சட்டென்று. கோபத்தில் சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

கொளஞ்சியப்பன் அதையும் யோசித்துத்தான் பார்த்தார். அணைத்தது தன் கை. ஆனால் சாமிக்குச் செய்த மரியாதையை சாமியிடமே குற்றமாக எழுதிக் கொடுப்பது எப்படி?

“தெரியாதவர்னு போடட்டுமா? ஆடு மாடு காணாமப் போனா அப்பிடித்தான் போடுவோம்.”

“தெரியாதவங்க இல்லீங்களே. எல்லாரையும் தெரியும்.”

காகிதம் அந்த வரியோடு நின்றது. மாணிக்கவேல் அதை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, “யோசிச்சு வாங்க,” என்று பங்காளிச் சண்டைக்காரரை அழைத்தார். அவருக்கு எதிரி பெயர் நுனி நாக்கில் இருந்தது. உள்ளே வேலில் காற்றுக்குக் காகிதச் சுருள்கள் அசைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பெயர் இருக்கும் என்று கொளஞ்சியப்பனுக்குத் தோன்றியது. விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு இருவரும் பஸ் ஏறினார்கள். இறங்கும்போது வேல்விழி, “அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது,” என்றாள்.

“நீ சொன்னதுல தப்பு இல்ல.”

மாசம் முடிந்த அன்று டாக்டர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே நர்ஸுகள் கட்டுகிற பச்சை முகமூடிகள்.

“பட்டறைக்குப் போவாதேன்னு சொல்ல எனக்கு யோக்கியதை இல்ல. இதைக் கட்டிக்கினு வேலை பாரு. தீந்ததும் வந்து வாங்கிக்க. நான் இருக்கிற வரைக்கும் குடுப்பேன்.”

“சரிங்கய்யா.”

“எப்பவும் கழட்டக் கூடாது. புரியுதா?”

“சரிங்கய்யா.”

திங்கட்கிழமை கொளஞ்சியப்பன் பட்டறைக்குப் போனார். முதலாளி வாசல் வரை வந்து வரவேற்றார். பழைய இடத்திலேயே பலகை போட்டு வைத்திருந்தார்கள். தெரிந்த முகங்கள் இரண்டு மூன்று இருந்தன. தெரிந்த இருமல்களும் இருந்தன. கொட்டகையின் அந்தக் கோடியில் சுரங்கச் சூளை அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. வாய்க்கு மேலே ஆயுத பூஜைப் பொட்டு, வெப்பத்தில் கறுத்துப்போய், இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து முகமூடியை மூக்குக்கு மேலே ஏற்றிக் கட்டினார். காய்ந்த கட்டை ஒன்றை எடுத்தார். தகடு பிடித்த கை மறக்கவில்லை. பிசிறு ஒரே இழுப்பில் வந்தது. மாவு துளைக்குள் இறங்கித் தங்கியது. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார், விழவில்லை. விரல் நுழையாத துளை. துணி நுழையாது. முகமூடியோடு ஊதிப் பார்த்தார். துணிதான் உப்பியது, மாவு அசையவில்லை.

பக்கத்துப் பலகைக்காரர் தன் கட்டையை ஊதிவிட்டு, இவரைப் பார்க்காமலே, “அது கட்டினா வேலை ஆவாதுண்ணே,” என்றார்.

கொளஞ்சியப்பன் முகமூடியைத் தாடைக்கு இறக்கினார். கட்டையை உதட்டருகே கொண்டுபோய் ஊதினார்.